முகம் துடைத்தவள்

மதிற்பட்டினத்தில் மழை பெய்கிற நாளில் யாரும் யார் முகத்தையும் துடைத்துவிடுவதில்லை. தன் முகத்தைத் தானே துடைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் குழந்தை நனைந்து வந்தால்கூட தாய் அதை வாசலிலேயே நிறுத்தி, நெற்றியிலிருந்து மூக்குக்கும் மூக்கிலிருந்து உதட்டுக்கும் நீர் தானாக வழிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாளே தவிர, கையில் இருக்கும் துண்டை நீட்டமாட்டாள். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தான் சிரித்திருப்பார், அக்கா மறந்திருப்பாள், நான் பேசுகிறவர் கண்ணைப் பார்க்கக் கூசித் தலையைக் குனிந்துகொண்டு பாதியைத் தவறவிட்டிருப்பேன்.

நாங்கள் படகில் வந்தோம். உப்புக்கால்வாயில் நான்கு நாள் போகிற படகு அது. நீளம் ஒரு கல்யாணக்கூடத்தின் நீளம், அகலம் ஒரு கட்டிலின் அகலம். அதற்குள் இருவர் எதிரெதிரே நடக்க முடியாது. ஒருவர் அடுப்பருகே போகவேண்டுமென்றால் அடுப்பருகே இருப்பவர் முதலில் வெளியே வந்து கூரைமேல் ஏறவேண்டும். அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இதுதான் முதல் பயணம். அதில் என்னையும் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு இரண்டு வருஷமாக நேர்முகத் தேர்வுகளுக்குப் போய், கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் திரும்பி வந்துகொண்டிருந்த என்னைத் தனியாக வீட்டில் விட அக்காவுக்கு மனம் வராததுதான். பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது 'பூங்கோதை' என்று கூப்பிட்டால், இரண்டு வகுப்பு தள்ளி இருந்த அக்கா ஓடிவந்து எனக்காக 'உள்ளேன்' சொல்லிவிட்டுப் போன கதையை அவள் இன்னமும் விருந்தாளிகளிடம் சொல்வாள்.

மூன்றாம் நாள் விடியும்போதே மழை. மதிற்பட்டினத்தின் கோட்டை கால்வாயின் இரு கரையிலும் ஈரமான பெரிய மிருகம்போலப் படுத்திருந்தது. ஊருக்கு அப்பால், படகுகளைக் கீழ்மட்டத்துக்கு இறக்கிவிடும் ஒரு மதகு இருக்கிறது. அதை ஒரு நாளில் ஒரே ஒரு முறை, பகல் மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்குள் ஊரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அத்தான் ஒரு தாளில் பார்க்கவேண்டிய இடங்களையும் எதிரே நிமிஷங்களையும் எழுதிவைத்திருந்தார். அவர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். தாளில் எழுதியது நடந்தே தீரும் என்பது அவர் நம்பிக்கை.

படகுக்காரர் சந்தியாகு இறங்கவில்லை. தலைமுதல் மோவாய்வரை ஒரு துண்டைச் சுற்றி, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். இன்றைக்குப் படகிலேயே இருந்து சுண்டல் தின்றுவிட்டுப் போகலாமே என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அத்தான், மழைக்குப் பயந்தவர் தண்ணீரில் தொழில் செய்வதெப்படி என்று கேலி செய்தார். சந்தியாகு சிரிக்கவில்லை.

"கையைக் கையோட வச்சுக்கிட்டுப் போயிட்டு வாங்க சார்" என்றார்.

திருடர் ஜாஸ்தி போல, என்று அத்தான் கைப்பையை அக்காவிடமிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஊர் பாதிக் கதவு சாத்தியிருந்தது. திறந்திருந்த பாதியில் ஆட்கள் நின்று எங்களைப் பார்த்தார்கள். எல்லோர் முகமும் ஈரமாக இருந்தது. கோட்டைவாசலையும், கூரையில்லாத சுங்கக் கச்சேரியையும், கப்பல் நங்கூரம் ஒன்று துருப்பிடித்துக் கிடந்த முற்றத்தையும் ஒரே குடையில் மூன்று பேராகப் பார்த்துவிட்டு, தாளில் நான்காவதாக இருந்த சுவருக்கு வந்தோம்.

கால்வாய் வெட்டியவர்களைச் செதுக்கிய சுவர் அது. எந்த ராஜா வெட்டினான் என்பதில் அத்தான் கையிலிருந்த புத்தகமும் அங்கே நட்டிருந்த பலகையும் ஒத்துப்போகவில்லை. ஆனால் வெட்டியவர்கள் இருந்தார்கள், ஆள் உயரத்தில், முந்நூற்றுக்கும் மேலே, ஆணும் பெண்ணுமாக ஒரே வரிசையில், மண்கூடையை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாற்றிக்கொண்டு. தலையில் சும்மாட்டுத் துணி. முழங்கால்வரை சேறு, அதுவும் கல்லில். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். மனிதர்களைப் பார்க்கக் கூசுகிற எனக்குக் கல்முகங்களைப் பார்ப்பதில் கூச்சமில்லை. அப்படிப் பார்த்ததில், ஒருவன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் இருந்தது. இன்னொருத்தி மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு ஆள் தோளில் கல்லால் ஆன பள்ளிக்கூடப் பை தொங்கியது. அத்தானிடம் காட்டினேன். பிற்காலத்தில் பழுதுபார்த்த சிற்பிகளின் குறும்பு என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். அக்காவும் குடையும் அவரோடு போயின.

வரிசையின் கடைசிப் பக்கம் என் வயதில் ஒருத்தி நின்றிருந்தாள். மழை அவள் நெற்றியில் விழுந்து இமைவழியாகக் கண்ணுக்குள் போய் மறுபடி கன்னத்தில் இறங்கியது. இரண்டு கையும் கூடையைப் பிடித்திருந்ததால் அவளால் துடைத்துக்கொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய அதே நேரத்தில் என் கை துப்பட்டாவின் முனையை எடுத்து, நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு முறை அழுத்தித் துடைத்துவிட்டது.

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் வலதுகையைப் பிடித்துக்கொண்டாள்.

வலிக்கவில்லை. அடுப்படியில் ஈரக் குழவியைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, ஆனால் குழவிக்கு விரல்கள் இருந்தன. அவள் சுவரிலிருந்து இறங்கி என் பக்கத்தில் நின்றாள். நான் கத்தவில்லை. கத்துவதற்கு வெட்கமாக இருந்தது. எதிர்வீட்டு வாசலில் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் நடந்தேன். முன்னால் குடையில் இருவரும், பத்தடி பின்னால் நானும் அவளும், கைகோத்துக்கொண்டு, அவள் அடி விழும் இடத்திலெல்லாம் சேறு ஒரு சாண் குழிய, தாளில் ஐந்தாவதாக இருந்த தானியக் களஞ்சியத்தையும் ஆறாவதாக இருந்த வறண்ட கிணற்றையும் பார்த்தோம். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் மணி அடிக்காமல் இறங்கி ஓரமாக வழிவிட்டார். கால் மணி நேரம் அப்படிப் போயிற்று. அந்தக் கால் மணி நேர மழையை நான் கூச்சத்தால் வீணாக்கினேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

டீக்கடை வாசலில் அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"யாருடி இந்தப் பொண்ணு? கைடா? இவ்வளவு நேரம் மழையில நனைய விட்டிருக்க?" என்றாள். பிறகு கைகளைப் பார்த்தாள். பிறகு கால்களைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த குடை மெதுவாகச் சாய்ந்தது.

டீக்கடைக்காரிக்கு, ஊரார் வேம்பு அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு, ஆச்சரியமில்லை. பாலை இறக்கி வைத்துவிட்டு, எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்து, யார் துடைத்தது என்று மட்டும் கேட்டாள். அக்கா எனக்காகப் பதில் சொல்லத் திரும்ப, முதன்முறையாக நானே சொன்னேன், நான்தான் என்று. வேம்பு அக்கா ஒரு ஸ்டூலை எனக்குப் போட்டாள். கல்பெண்ணுக்குப் போடவில்லை, ஸ்டூல் தாங்காது.

வேம்பு அக்கா சொன்னது இது. கால்வாய் வெட்டிய காலத்தில் ஒருத்தியின் முறை முடிந்தால், அவளை மாற்ற வருகிறவள் எதிரே வந்து நின்று அவள் முகத்துச் சேற்றையும் வேர்வையையும் துடைத்துவிடுவாள். நீ போ, இனி நான் நிற்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்கப்புறம் கூடை துடைத்தவளுக்கு. மழை பெய்தால் வேலை நிற்கும், எல்லோரும் இளைப்பாறுவார்கள். மழை விட்டால் வேலை தொடங்கும். தொடங்கும்போது வரிசையில் இடம் காலியாக இருக்கக்கூடாது.

"பயப்படாத கண்ணு. இவ உன்னை இழுத்துக்கிட்டு ஓடமாட்டா. மழை விடற நேரத்துக்குக் கூட்டிட்டுப் போய் நிக்க வைப்பா. அவ்வளவுதான்" என்றாள் வேம்பு அக்கா.

எவ்வளவு நாளைக்கு என்று அக்கா கேட்டாள். அவள் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"இன்னொருத்தி வந்து துடைக்கிற வரைக்கும். நான் நூத்திப்பதினோரு வருஷம் நின்னேன். வலிக்காது. கூடைதான் கனம்."

தான் சுவரிலிருந்து வந்தவள் என்பதை அவள், காரைக்காலிலிருந்து வந்தவள் என்று சொல்வதைப்போலச் சொன்னாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தானாம். எதிர்க்கடைத் தையல்காரர், தபால் கொண்டுவருகிறவர், பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் டீச்சர். வாக்காளர் பட்டியலில் அவர்களுக்குத் தகப்பன் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருக்குமாம். அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு மட்டும் எட்டுக் கால் வைத்துச் செய்ய ஒரு தச்சர் இருக்கிறாராம். அவர்களை மாற்றப் போனவர்களின் வீட்டார் வருஷத்துக்கு ஒரு முறை வெயில் நாளில் வந்து சுவருக்கு எதிரே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். யாரும் சண்டை போட்டதில்லையாம். முறை என்றால் முறைதானே என்று வேம்பு அக்கா சொன்னபோது, கடையில் இருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அத்தான் புகார் செய்வதாகச் சொன்னார். யாரிடம் என்று கேட்டார்கள். தொல்லியல் துறை, கலெக்டர், சுற்றுலாக் கழகம் என்று அவர் அடுக்க அடுக்க, அவர்கள் அதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருவர் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நோட்டோடு வந்து, என் பெயர், படிப்பு, எந்தக் கை என்று கேட்டு எழுதிக்கொண்டார். படித்த பெண் என்பதில் அவருக்குச் சந்தோஷம். ஒரு பாட்டியம்மா பக்கத்து வீட்டிலிருந்து இட்லி கொண்டுவந்து வைத்து, வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போகாதே, அங்கே பசி தெரியாது, ஆனால் கடைசியாகச் சாப்பிட்ட ருசி நாக்கிலேயே நிற்கும் என்றாள். அவர்களுடைய அன்புதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஒருவர் அடித்திருந்தால், கட்டியிருந்தால், ஊரே சேர்ந்து விரட்டியிருந்தால், ஓடுவதற்கு ஒரு திசை இருந்திருக்கும். இட்லியை நான் இடதுகையால் தொட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அப்போது ஓட்டில் விழும் சத்தம் மாறியது. அதுவரை ஒரே இரைச்சலாக இருந்தது தனித்தனிச் சொட்டுகளாகக் கேட்கத் தொடங்கியது. கல்பெண் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். பிறகு இழுக்காமல், அவசரப்படுத்தாமல், பள்ளிக்கு நேரமான பிள்ளையை அழைத்துப்போவதுபோல நடந்தாள். என் கால்களை நான் தரையில் ஊன்றிப் பார்த்தேன். அவை என்னைக் கேட்காமல் அவளோடு போயின.

சுவரில் அவள் நின்றிருந்த இடம் ஒரு பள்ளமாக இருந்தது, ஆள் எழுந்துபோன ஈர மணல்போல. என்னை அதன் முன்னால் நிறுத்தியபோது அந்தப் பள்ளத்தின் தோளும் என் தோளும் ஒரே உயரத்தில் இருப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்டவள். அவளுடைய கண்ணாடிக்குள் ஒரு சொட்டு நீர் சிக்கிக்கொண்டு நடுங்கியது. நானும் அப்படி நடுங்கினேன். அழுகை வந்தது. அழுவதற்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை எனக்கு.

நான் அழுதால் அக்கா என்ன செய்வாளோ அதைச் செய்தாள். யோசிக்கவில்லை. முந்தானையை எடுத்து, என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண், கன்னம், மூக்கு என்று என் முகத்தை முழுக்கத் துடைத்துவிட்டாள்.

குளிர்ந்த விரல்கள் என் கையை விட்டன. அவை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டன.

கூடியிருந்தவர்களிடமிருந்து ஒரு சிறு பெருமூச்சு வந்தது. நோட்டுக்காரர் பேனாவைத் திறந்தார். அக்கா தன் கையைக் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் பயம் ஏறியதை நான் பார்த்தேன். அது ஏறி முடிவதற்குள் நான் துப்பட்டாவால் அவள் முகத்தைத் துடைத்தேன். விரல்கள் என்னிடம் வந்தன. அவள் மறுபடி என்னைத் துடைத்தாள். நான் அவளைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மழை முகத்தை நனைத்தது, நனைக்க நனைக்கத் துடைத்தோம், அவள் முந்தானையும் என் துப்பட்டாவும் பிழிந்தால் கொட்டும்படி ஊறிப்போக, கல்பெண்ணின் கை எங்கள் இருவருக்கும் நடுவே ஊசிக்குப் பின்னால் போகிற நூலைப்போலப் போய்ப்போய் வந்தது. இப்படி ஒன்றை வரிசையில் யாரும் பார்த்ததில்லை என்று வேம்பு அக்கா யாரிடமோ சொன்னாள். மாற்ற வந்தவளை உடனே மாற்ற ஒருத்தி வந்ததும் இல்லை, மாறிப் போனவள் திரும்பி வந்ததும் இல்லை.

அத்தான் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அவர் கை சட்டைப்பைக்குள் போனது. கைக்குட்டையின் நீலக் கரை வெளியே தெரிந்தது. அங்கேயே நின்றது. அக்கா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் கை மறுபடி கீழே இறங்கியது.

சொட்டுகளை எண்ணிவிடலாம் என்ற அளவுக்கு மழை குறைந்தது. கிழக்கே ஒரு துண்டு வானம் வெளுத்தது. கல்பெண்ணின் பிடி அக்காவின் கையில் இருந்தது, நான் துப்பட்டாவைத் தூக்கினேன். அப்போது அக்கா தன் இடதுகையால் என் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் மருந்து புகட்டும்போது பிடிப்பாளே, அந்தப் பிடி. என்னால் அதை ஒருநாளும் விடுவித்துக்கொள்ள முடிந்ததில்லை.

"போதும்டி கோதை" என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஒருத்தர்கிட்ட போய் ஒரு டீ கொடுங்கன்னு கேக்கமாட்ட நீ. அங்க போய் நூறு வருஷம் யார்கிட்ட என்ன பேசிக்கிட்டு நிப்ப? நான்னா பக்கத்துல நிக்கிறவளோட பேசியே ஓட்டிடுவேன்."

நான் கத்தினேன். வேண்டாம் என்று, விடு என்று, இவள் என் அக்கா என்று, ஊர் முழுக்கக் கேட்கக் கத்தினேன். அத்தனை வருஷம் கத்தாததையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். யாரும் அசையவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மழையா வேர்வையா கண்ணீரா என்று தெரியாமல் அவள் முகம் முழுக்க வழிந்துகொண்டிருந்தது. அதைத்தான் கல்பெண் பார்த்தாள். அக்காவின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தாள், வெகுநேரம் என்பது ஐந்தாறு சொட்டு. பிறகு தலையில் இருந்த சும்மாட்டுத் துணியை ஒரு கையால் உருவி, கல் துணி ஈரத்தில் துணியாகவே மடங்க, நெற்றியிலிருந்து தாடைவரை, ஒரே இழுப்பில், அக்காவின் முகத்தைத் துடைத்தாள்.

அக்காவின் கை விடுபட்டது.

கல்பெண் துணியை மறுபடி தலையில் வைத்தாள். கூடையை எடுத்தாள். பள்ளத்துக்குள் ஏறித் தோளைப் பொருத்திக்கொண்டாள். கண்ணாடிக்காரி தன் கூடையை அவள் பக்கம் நீட்டினாள். அத்தோடு மழை நின்றது.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியாது. பழக்கதோஷம் என்றார் தையல்காரர், எதிரே ஈர முகம் தெரிந்தால் கை தானாகப் போய்விடும், பாவம். பைத்தியக்காரி, என்றாள் வேம்பு அக்கா. சொல்லிவிட்டு அவள் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் தரை கொஞ்சம் இறங்கியது. யாருக்கும் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. நோட்டுக்காரர் எழுதிய பெயரை ஒரே கோட்டால் அடித்தார். வெயில் வந்ததும் ஊர்க்கதவுகளின் மறுபாதியும் திறந்தன, தாய்மார்கள் துண்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைத் தேடினார்கள்.

நாங்கள் மூன்று மணிக்கு மதகில் இருந்தோம். சந்தியாகு துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். மதகுக்குள் தண்ணீர் இறங்க இறங்கப் படகும் இறங்கியது. இரு பக்கமும் பாசி படிந்த கற்சுவர் உயர்ந்துகொண்டே போனது. நான் கற்களின் இடுக்குகளை மட்டும் பார்த்தேன், முகம் எதுவும் தெரிந்துவிடக்கூடாதே என்று. அக்கா முன்பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கூந்தலிலிருந்து நீர் இன்னும் நெற்றிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. என் கை துப்பட்டாவின் முனையைப் பிடித்தபடி மடியில் கிடந்தது. தூக்க முடியவில்லை.

படகு வெளியே வெயிலுக்கு வந்ததும் அத்தான் எழுந்து, குனிந்து, கூரையைப் பிடித்துக்கொண்டு என் முதுகுவரை வந்தார். நீலக் கரை போட்ட கைக்குட்டையை எடுத்து, மடிப்புக் கலையாமல் என் தோளுக்கு மேலாக அக்காவிடம் நீட்டினார்.

"முகத்தைத் துடைச்சுக்க திலகா. சளி பிடிச்சுக்கும்."

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இப்பதான் மழை விட்டுடுச்சேங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அவர் நீட்டிய கை அப்படியே இருந்தது. அவர் அவளருகே போகவேண்டுமென்றால் நடுவில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து கூரைமேல் ஏறி வழிவிடவேண்டும். நான் எழவில்லை. அந்த ஒடுங்கிய படகில், ஒருவர் முன்னால் ஒருவராக, யாரும் யாரையும் தாண்ட முடியாமல், அக்காவின் முகம் வெயிலில் தானாகக் காயும்வரை நாங்கள் மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.